சித்தப்பாவுக்கு என்ன வாங்கலாம்?

அக்டோபர் 1, புதன்

துறையில் கேட்ட தயாரிப்புக் குறிப்பேட்டைப் பெனிட்டா எழுதுகிறாள். அதில் எல்லாமே திட்டப்படி நடக்கிறது. உண்மையையும் யாராவது எழுதி வைக்க வேண்டுமே என்று நான் இதைத் தொடங்குகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. அதில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் நாங்கள் மூன்று பேர். நான் பேச்சியம்மாள், அனிமேஷன் என் பொறுப்பு. எடிட்டிங் பெனிட்டா. அவள் ஊர் நாசரேத், குரல் மட்டும் அங்கிருந்தே கேட்கும். ஒலி கோமதி. சங்கரன்கோவில்காரி. விழித்திருக்கும் நேரத்தில் நன்றாக வேலை செய்வாள்.

நாலாவது ஆள் சித்தப்பா. முதலாண்டில், ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது பங்கு போட்டு வாங்கிய கம்ப்யூட்டர். எழுப்பினால் உடனே எழாது, பெருமூச்சு விடும், ஏதோ முனகும், நாம் காபி குடித்து முடித்த பிறகு கண் திறக்கும். அதனால் அந்தப் பெயர். கேபினட் என் பங்கு, மானிட்டர் பெனிட்டா பங்கு, யு.பி.எஸ்., கீபோர்டு, ஸ்பீக்கர் வகையறா கோமதி பங்கு. யாரும் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது. கூட்டணி ஆட்சி.

இன்று ஆயுத பூஜை. சித்தப்பாவுக்கு விடுமுறை கொடுத்து, துடைத்து, கழுத்து மாதிரி தெரிந்த இடத்தில் செவ்வந்தி மாலை சுற்றினேன். முகப்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதால் சந்தனம் நிற்கவில்லை. கெட்டியாகக் குழைத்து மூன்று பட்டையாக அப்பினேன். லட்சணமாக இருந்தது. தட்டு கிடைக்காததால் பொரியையும் கடலையையும் தலைமேலேயே குவித்துப் படைத்தேன். சூடம் காட்டிவிட்டுத் திரும்பினால் குவியலில் பாதியைக் காணோம். பெனிட்டாவைக் கேட்டேன்.

"நான் தொடவே இல்லட்டி!"

"வேற யாரு தின்னா, சித்தப்பாவா?"

சாமிக்கு வைத்ததை எடுத்துத் தின்றுவிட்டுப் பொய் வேறு. மூன்று வருடப் பழக்கத்துக்காக மன்னித்துவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

படத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. ஐந்து நிமிடப் படம். சந்தைக்குக் கொண்டுபோகிற ஒரு வெள்ளாடு, டவுன் பஸ்ஸில் ஏறித் தப்பித்துவிடுகிறது. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார். அவ்வளவுதான் கதை. ஆட்டை நான் செய்திருக்கிறேன். அதன் உடம்பில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகக் காற்றில் அசையும். நவம்பர் 14 கடைசி நாள். அன்றைக்குப் படம் கொடுக்காவிட்டால் மூன்று பேருக்கும் அரியர்.

செய்ததை எல்லாம் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரைந்து தர வேண்டும், அதற்கு ரெண்டர் என்று பெயர். போன வாரம் வரை ஒரு படம் வரைய, பால் காய்ச்சும் நேரம் ஆனது. இன்று சோறே வெந்துவிட்டது. சித்தப்பா இரைச்சல் வேறு தாங்கவில்லை. மதியம் பொட்டென்று அணைந்துவிட்டார். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி போல் சுட்டது.

வயதாகிவிட்டது. ஏதாவது வாங்கிப் போட்டே ஆக வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாதா மாதம் பணம் சேர்த்த டப்பாவைத் திறந்தோம். இருக்கிற பணம் ஒரு சாமான் வாங்கத்தான் காணும். எது என்பதில் சண்டை.

எனக்குக் கிராபிக்ஸ் கார்டு. ஆட்டின் முடியை வரைய அதுதான் வழி. பெனிட்டாவுக்கு எஸ்.எஸ்.டி., அதாவது வேகமான டிஸ்க். "ஒரு ஃபைல தொறந்தா எனக்கு முடி நரைச்சிருது" என்கிறாள். கோமதி போர்வைக்குள்ளிருந்து, "யு.பி.எஸ். பேட்டரி செத்துப் போச்சு. மழை வருது, கரண்டு போவும்" என்றாள். அவள் அதைத்தான் இரண்டு வருடமாகச் சொல்கிறாள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முன்னுரிமை வரிசை எழுதி பீரோவில் ஒட்டினேன். ஒன்று கார்டு, இரண்டு எஸ்.எஸ்.டி., மூன்று பேட்டரி. குளித்துவிட்டு வருவதற்குள் எஸ்.எஸ்.டி. முதலிடத்துக்கு வந்திருந்தது. அழித்து எழுதினேன். அவளும் அழித்து எழுதினாள். சாயங்காலத்துக்குள் தாள் கிழிந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

சீக்கிரம் ரெண்டர் ஆகும் என்று பெனிட்டா ஆட்டுக்கு மொட்டை போடச் சொல்கிறாள்.

"வேண்டுதல்னு நெனச்சுக்க. திருச்செந்தூருக்குப் போயிட்டு வந்த ஆடு."

இதை நான் சிரிப்பதற்காக எழுதி வைக்கவில்லை. சாட்சிக்காக எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கடைசி செமஸ்டர் முழுக்க எல்லோரும் வெளியே போய் வேலை பழக வேண்டும். பெனிட்டாவுக்குச் சென்னையில் இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது. டிசம்பர் முதல் தேதி சேர வேண்டும். நல்ல விஷயம்தான். இன்று ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

அக்டோபர் 16, வியாழன்

கோமதிக்கும் கிடைத்துவிட்டது. கொச்சி. ரசம் வைக்கவில்லை.

எனக்கு இங்கேயே வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ. நடந்தே போகலாம்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிறோம். சித்தப்பாவை அணைத்துவிட்டு வந்தேன். மாலை காய்ந்து சருகாகிவிட்டது. சாமிக்குப் போட்டது, தானாக விழட்டும் என்று விட்டுவிட்டேன். பாதி ஏற்கனவே விழுந்துவிட்டது, எங்கே விழுந்தது என்றுதான் தெரியவில்லை. பெருக்கும்போது ஒரு இதழும் கிடைக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

ஊரில் இருந்த நாளெல்லாம் கார்டுகளைப் பற்றித்தான் படித்தேன். அப்பா, "யாரு வீட்டுல காதுகுத்து? பாப்பா ஏதோ கார்டு கார்டுங்குதா, பத்திரிகை அடிக்கப் போறாளா?" என்று அம்மாவிடம் கேட்டாராம். இப்போது வாங்கினால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லாத ஒரு கார்டைக் கண்டுபிடித்துவிட்டேன். பழையதுதான், ஆனால் தங்கம்.

இன்று அறைக்கு வந்ததும் சொன்னேன். பெனிட்டா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அஞ்சு வருசமா? நாம இங்க இருக்கப் போறதே இன்னும் ஒரு மாசம்தானட்டி."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன அதுக்கு? கார்டு எங்க போவும்? கேபினட்டுக்குள்ள. கேபினட்டு யாருக்கு? ஒனக்கு. எல்லாரு துட்டும் ஒன் பங்குக்குள்ளதான போவுது."

கோமதி போர்வையை விலக்கிப் பார்த்தாள். அவள் எழுந்து உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

கார்டு யாருக்குப் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. சித்தப்பா நன்றாக இருந்தால் இதிலேயே இன்னும் படம் பண்ணலாம், லீவுக்கு வந்தால் பண்ணலாம் என்றுதான் நினைத்தேன். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மானிட்டர தூக்கிக்கிட்டு இப்பவே போயிருட்டி" என்றேன்.

"போவேன். அடுத்த மாசம் இருவத்திமூணாந்தேதி போறப்ப கையோட தூக்கிட்டுத்தான் போவேன்."

அக்டோபர் 26, ஞாயிறு

பேச்சுவார்த்தை இல்லை. அம்மா வாங்கிக்கொடுத்த ஐந்து லிட்டர் குக்கர் என்னுடையது என்பதால் அதை என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். பெனிட்டா ரொட்டி தின்கிறாள். கோமதி இரண்டு பக்கமும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள்.

சித்தப்பா இன்று நான்கு முறை அணைந்தார். ஆடு இன்னும் பஸ் ஸ்டாப்புக்கே வரவில்லை.

அக்டோபர் 29, புதன்

கார்டு வாங்கிவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஜங்ஷனில் டேவிட்சன் அண்ணன் கடையில் வாங்கிவிட்டேன். மூன்று பேரின் நன்மைக்காகத்தான். யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும் இல்லையா? கடையில் காசை இரண்டு தடவை தப்பாக எண்ணினேன், காலையில் சாப்பிடாததுதான் காரணம்.

அக்டோபர் 30, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சாப்பிட்டிருந்தேன். மூன்று இட்லி.

காலையில் இருவரும் கல்லூரிக்குக் கிளம்பும் வரை காத்திருந்து, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். அப்போது பார்த்துக் குடையை எடுக்கப் பெனிட்டா திரும்பி வந்தாள். பின்னாலேயே கோமதி. தரையில் ஸ்க்ரூ, என் மடியில் கார்டு, பக்கத்தில் காலி டப்பா. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

பெனிட்டாவின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். பிறகு அவள் பார்வை என்னைத் தாண்டிச் சித்தப்பாவின் வயிற்றுக்குள் போய் நின்றது. திறந்த வாய் அப்படியே இருந்தது.

"ஏட்டி... அது என்னது?"

பொரி.

உள்ளே, பிராசசருக்கு மேலே சுற்றுகிற காற்றாடியைச் சுற்றி, அதற்கடியில் சூட்டை வாங்கும் தகடுகளின் இடுக்கில், வரிசை வரிசையாகப் பொரி. நடுநடுவே உடைத்த கடலை. காற்றாடியின் அச்சில் மாலை நூல் சுற்றிக்கொண்டு கிடந்தது. காணாமல் போன செவ்வந்தி இதழெல்லாம் கீழே மெத்தை மாதிரி. கேபினட்டின் மேல்மூடியில் காற்றுப் போக ஒரு கம்பி வளையம் இருக்கிறது. அதன்மேல்தான் நான் படையலைக் குவித்திருக்கிறேன். முன்பக்கம் காற்று வரும் ஓட்டைகளைச் சந்தனம் வைத்து அடைத்தாயிற்று. மூக்கைப் பொத்தி, வாயில் பொரியைத் திணித்து, ஒரு மாதமாக நான் அந்த மனிதரை ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறேன்.

"நான் தின்னேன்னு சொன்னல்லா?" என்றாள் பெனிட்டா, மிக மெதுவாக. "சாமிக்கு வச்சத தின்னுட்டு பொய் சொல்லுதேன்னு சொன்னல்லா?"

"சொன்னேன்."

"இப்ப யாரு தின்னா?"

"சித்தப்பா."

கோமதிதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பெனிட்டா கோபத்தை எவ்வளவோ பிடித்து வைத்துப் பார்த்தாள். முடியவில்லை. எனக்கு மட்டும் சிரிக்க ஆரம்பித்து எங்கேயோ அழுகையில் போய் முடிந்தது. "கேக்காம வாங்கிட்டேன். தப்புதான். நீங்க ரெண்டு பேரும் போயிருவிய, இதாவது ஒழுங்கா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

"சவத்த மூதி" என்றாள் பெனிட்டா. "இத அன்னைக்கே சொல்லி அழுதிருந்தா, நான் இத்தன ரொட்டி தின்னுருக்க மாட்டேன்லா."

மூவரும் கல்லூரிக்குப் போகவில்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பொரியாக எடுத்தோம். பிரஷ் கோமதியுடையது, அது அவளுக்கு இன்னும் தெரியாது.

அக்டோபர் 31, வெள்ளி

சித்தப்பா சத்தமே இல்லாமல் ஓடுகிறார். ஒரு படத்துக்கு மறுபடியும் பால் காய்ச்சும் நேரம். ஆடு பஸ் ஏறிவிட்டது.

கார்டையும் மாட்டிப் பார்த்தோம். அதற்கு மின்சாரம் கொடுக்கிற ஒயரே எங்கள் பழைய பவர் சப்ளையில் கிடையாது. ஐந்து வருடக் கார்டு என்று அத்தனை படித்தேன், ஒயர் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

நவம்பர் 1, சனி

மூவருமாகக் கடைக்குப் போனோம். டேவிட்சன் அண்ணன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரூவா திருப்பித் தாரது இல்ல தங்கச்சி. அதே வெலைக்கு வேற சாமான் எடுத்துக்கோங்க."

பெனிட்டா என்னைப் பார்த்தாள். நான் பெனிட்டாவைப் பார்த்தேன். கார்டும் வேண்டாம், எஸ்.எஸ்.டி.யும் வேண்டாம் என்று எப்படி ஒரே நேரத்தில் தோன்றியதோ தெரியவில்லை. இருவரும் கோமதியைப் பார்த்தோம்.

"பேட்டரி" என்றாள் கோமதி. இரண்டு வருடம் காத்திருந்தவள் அதற்குமேல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மீதிக்குப் படத்தை வைத்துக்கொள்ள ஆளுக்கொரு பென் டிரைவ்.

வீட்டுக்கு வந்து குக்கரைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்தேன். சாம்பார் சாதம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆட்டின் முடி எதையும் குறைக்கவில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 13, வியாழன்

நாளை கடைசி நாள். எல்லாப் படமும் வரைந்தாயிற்று. ஒலியையும் காட்சியையும் சேர்த்து ஒரே கோப்பாக்கும் கடைசி வேலை மதியம் தொடங்கியது. நடுவில் நின்றால் முதலிலிருந்து. காலையிலிருந்தே மழை கொட்டுகிறது.

பாதி தாண்டியதும் கரண்டு போய்விட்டது.

யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. சித்தப்பா ஓடிக்கொண்டேயிருந்தார். புது பேட்டரி! கோமதி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தாங்கும். ஆனா ரொம்ப தாங்காது" என்றாள்.

பெனிட்டா சட்டென்று எட்டித் தன் மானிட்டரின் ஒயரைப் பிடுங்கினாள்.

"என்னட்டி செய்யுத?"

"இது வேற எதுக்குக் கரண்ட குடிக்கணும்? இருக்கத எல்லாம் அவரு குடிக்கட்டும்."

திரை இருண்டுவிட்டது. என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. மூவரும் கேபினட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். வெளியே மழை, உள்ளே அந்தக் கீச் கீச். பெனிட்டா முனகி ஜெபம் பண்ணினாள். நான் எங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன். எங்கள் படத்தின் கதை என்ன என்பது நினைவுக்கு வந்து, உடனே அதைப் பொங்கலாக மாற்றிக்கொண்டேன்.

கரண்டு வந்தபோது யாரும் எழவில்லை. பிறகு பெனிட்டா ஒயரைச் சொருகினாள். முடிந்தது என்று திரையில் எழுதியிருந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்துவிட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

கொடுத்தாயிற்று. துறைத் தலைவர் முழுப் படத்தையும் பார்த்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆட்டுக்கு எதுக்கும்மா இவ்வளவு முடி?"

பெனிட்டா ஒரு அடி முன்னால் வந்து, "அதுதான் சார் அந்த ஆட்டோட கேரக்டரே" என்றாள்.

நவம்பர் 22, சனி

கோமதி போய்விட்டாள். யு.பி.எஸ்ஸை எடுக்காமலே போய்விட்டாள். போன் செய்தால், "ஆட்டோல ஏத்த மறந்துட்டேன்" என்கிறாள். தூக்கக் கலக்கம். பார்சலில் அனுப்ப வேண்டும்.

பெனிட்டா மானிட்டரை அதன் பழைய பெட்டியில் அவளே வைத்துக் கட்டிவிட்டாள். என்னைத் தொடவே விடவில்லை. அன்று கோபத்தில் சொன்னதை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். பரவாயில்லை, அவளுடையதுதானே.

நவம்பர் 23, ஞாயிறு

பெட்டியை மாடியிலிருந்து நான்தான் தூக்கி வந்தேன். கல் மாதிரி கனம். இத்தனை நாள் இதை வைத்த மேஜை எப்படித்தான் தாங்கியதோ. புது பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகப் பெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒழுங்கா சாப்பிடுட்டி" என்றாள். பஸ் கிளம்பியது. புகை கண்ணில் பட்டுவிட்டது.

உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டு என்ன புகை? அழுதேன். டீக்கடைக்காரர் கேட்காமலே தண்ணீர் கொடுக்கும் அளவுக்கு அழுதேன்.

அறைக்கு வந்து விளக்கைப் போட்டால், பெனிட்டாவின் கட்டிலில் யாரோ போர்த்திப் படுத்திருக்கிறார்கள். தூக்கிவாரிப் போட்டது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்ப் போர்வையை இழுத்தேன்.

மானிட்டர். தலையணைமேல் சாய்த்து வைத்திருந்தாள். ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு. காற்றுப் போகும் ஓட்டைகளைப் பார்த்து, நன்றாகத் தள்ளி வைத்திருந்தாள்.

போன் செய்தேன். ஒரே மணியில் எடுத்தாள், காத்திருந்திருக்கிறாள்.

"பெட்டில என்னட்டி இருந்துச்சு?"

"காலைல நீ குளிக்கப் போனப்ப மாத்திட்டேன். ஒன் குக்கரு, அப்புறம் இட்லிச் சட்டி, ரெண்டு கரண்டி, ஒன் இஞ்சி இடிக்கிற கல்லு. மெட்ராஸ்ல நான் என்னத்த தின்ன? பங்கு சரியாப் போச்சுல்லா."

"என்னையே தூக்க வச்சிருக்க!"

"கனமா இருக்குன்னு நீ ஏசினல்லா, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."

"கோமதிக்கும் தெரியுமா?"

"யு.பி.எஸ். என்ன, மறந்துட்டு போற சாமானா?"

அரை மணி நேரம் இருவரையும் மாற்றி மாற்றி ஏசினேன். பிறகு மானிட்டரை மேஜையில் வைத்து, ஒயர்களை மாட்டிச் சித்தப்பாவை எழுப்பினேன். பெருமூச்சு விட்டார், முனகினார், எழுந்தார். மூன்று பங்கும் அப்படியே இருக்கின்றன. எங்கள் ஆட்டுப் படத்தை ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்.

பசித்தது. சோறு வைக்கப் போனபோதுதான் வைக்க எதுவுமே இல்லை என்பது உறைத்தது.

காலண்டரில் புதிதாக ஒரு தாளைக் கிழித்துப் பீரோவில் ஒட்டியிருக்கிறேன். வாங்க வேண்டியவற்றில் முதலிடம் குக்கருக்கு. ஒரு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் போதும் என்று கடையில் சொல்வார்கள். நான் ஐந்து லிட்டர்தான் வாங்குவேன்.